சம்மந்திக்கு வறுத்த மீன்

உக்காருங்க டீச்சர், கூடைய நான் மடியில வச்சுக்கறேன். டீச்சர்தானே? விரல்ல சாக்பீஸ் மாவு இருக்கு, அதான் கேட்டேன். எமரால்டு வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே நேரிக்கம்பை பாலத்துல எறங்கணும். இந்த ரோட்டு வளைவுல எனக்குத் தலை சுத்தும், யார்கிட்டயாவது பேசிட்டே வந்தா தெரியாது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

ஆத்துக்குத்தான் போறேன். ஒரு ஆளப் பாக்கணும். ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதில வாங்கிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிடணும். போன்ல கேக்கலாம்தான், அங்க சிக்னல் கெடையாது. இருந்தாலும் போன்ல கேக்கற கேள்வி இல்லைங்க அது.

எங்க வீட்டுக்காரரு பேரு ஞானசிகாமணி. பவர்ஹவுஸ்ல ஆப்பரேட்டரா இருந்து ரிடையர் ஆனவரு. குடி கெடையாது, சீட்டு கெடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. தங்கமான மனுசன்னு ஊரே சொல்லும். தங்கமான மனுசனக் கட்டிக்கிட்டவகிட்ட உனக்கு என்னம்மா கஷ்டம்னு யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு. மீன் பிடிக்கறது.

நீங்க நெனைக்கற மாதிரி மண்புழுவக் கோத்துப் போட்டுட்டு, கரையில உக்காந்து பீடி குடிக்கற மீன்பிடி இல்ல. இது ட்ரவுட்டு. வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்து நம்ம மலையில விட்ட மீனு. சில்லுனு ஓடற ஓடையில மட்டுந்தான் இருக்கும். அதுக்கு இறகுல பூச்சி செய்யணும். சேவக் கழுத்து இறகும் என்னோட எம்ப்ராய்டரி நூலும் வச்சு, குண்டுமணி அளவுக் கொக்கியில சுத்திச் சுத்தி ஈ மாதிரி பண்ணுவாரு. அதத் தண்ணி மேல வீசுனா, நெஜ ஈதான் வந்து உக்காருதுன்னு மீன் எம்பிக் கவ்வுமாம். பவர்ஹவுஸ்ல இருந்த ஒரு இன்ஜினியரு மாத்தலாகிப் போகும்போது தூண்டில் கம்பையும் கொடுத்து இந்தக் கிறுக்கையும் கொடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு குடும்பம் நல்லா இருக்கட்டும், வேற என்ன சொல்ல.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோட சேவல் இவரக் கண்டாலே கூரை மேல ஏறிடும். அது கழுத்துல இறகு நின்னதே இல்ல. நம்ம வீட்டு ஒட்டடைய அடிங்கன்னா காது கேக்காது இவருக்கு. ஆனா ஆத்துப் பாலத்துக்கு அடியில இருக்கற ஒட்டடையப் போயி, மூக்கு ஒட்டற மாதிரி உத்து உத்துப் பாப்பாரு. ஏனுங்கன்னா, அந்த வலையில என்ன பூச்சி செத்துக் கெடக்குதோ அதுதான் அன்னைக்கு ஆத்து மேல பறக்குதுன்னு அர்த்தமாம். அதே மாதிரி பூச்சியக் கட்டி வீசுனாத்தான் மீன் ஏமாறுமாம். மழை பெஞ்சு ஆத்துக்குப் போக முடியாத நாள்ல வாசல்ல நின்னு வீசிப் பழகுவாரு. கொடியில காயற என் பொடவைதான் அன்னைக்கு மீனு.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல டீச்சர். சொன்னா சிரிப்பீங்க. கொக்கியில மீன் நழுவாம இருக்க ஒரு எதிர்முள்ளு இருக்கும் பாருங்க? அத இவரு கட்டிங் பிளேயர வச்சு நசுக்கிடுவாரு. மீனு சுலபமாக் கழண்டுக்கணுமாம். கழண்டுக்கறதுக்கு எதுக்குங்க பிடிக்கணும்? கேட்டேன். பிடிச்சு, கையில தூக்காம, தண்ணிக்குள்ளயே வச்சுக் கொஞ்ச நேரம் பாத்துட்டு விட்டுடுவேன் கனகுன்னாரு. எதுக்குன்னு கேட்டா, “அது என்கூட அவ்வளவு நேரம் வெளையாண்டுச்சு, அதப் போயி கொழம்புல போடறதா” அப்படிங்கறாரு. இதச் சொல்ற மனுசன் சைவமுன்னு நெனச்சுக்காதீங்க. சந்தையில வாங்கற மத்தி மீன முள்ளோட தின்பாரு.

ஆக, ஒவ்வொரு சீசனும் மீன் பிடிக்க லைசென்ஸ் சீட்டு வாங்கி, விடியறதுக்கு முன்னாடி கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்சும் போட்டுக்கிட்டுக் கெளம்புவாரு. சாயந்தரம் கைய வீசிட்டு வருவாரு. கெடச்சுதான்னு கேட்டா, ரெண்டு கெடச்சுது, விட்டுட்டேம்பாரு. மறுநாளு, ஒண்ணு கெடச்சுது, பெரிசு, விட்டுட்டேன். இப்படியே வருசக்கணக்கா. ஒரு செதில் வீட்டுக்கு வந்தது கெடையாது.

நீங்களே சொல்லுங்க, யாரு நம்புவாங்க? நானும் நம்பலைங்க. ஆனா அவரக் கேவலமா நெனைக்கல டீச்சர், அத மட்டும் புரிஞ்சுக்கங்க. பாவம்னுதான் நெனச்சேன். மீன் பிடிக்க ஆசை, பிடிக்க வரல, அதச் சொல்ல வெக்கம். ஆம்பளைங்க சொல்ற பொய்யிலயே இது நல்ல பொய், யாருக்கும் நட்டம் இல்ல. கெடச்சுதுன்னு சொன்னா, “சரிங்க, கால் கழுவிட்டு வாங்க, காப்பி ஆறுது”ம்பேன். அவரும் அந்த மீனப் பத்தி கொஞ்ச நேரம் சொல்லுவாரு. முதுகுல எத்தனை புள்ளி, வயித்துல என்ன நெறம், எந்தக் கல்லு ஓரமா வந்து கவ்வுச்சு, எல்லாம். நான் அடுப்பப் பாத்துக்கிட்டு உம் கொட்டுவேன். நல்லாத்தான் கதை கட்டுவாரு.

சட்டைதான் எனக்குப் பெரிய கஷ்டம். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் ஈரம், ஒரே கவுச்சி. மீனே பிடிக்காம கவுச்சி மட்டும் எங்கிருந்துதான் வருதோன்னு சலிச்சுக்கிட்டே தொவைப்பேன். வலது கட்டை விரல் எந்நேரமும் சிராய்ச்சே இருக்கும். மீன் பல்லுன்னு சொல்லுவாரு. ஆத்தங்கரை முள்ளுல இழுத்திருப்பாருன்னு நான் தேங்காண்ணெய் தடவி விடுவேன்.

போன மே மாசந்தான் வெனை வந்துச்சு. எங்க பொண்ணு இந்துமதியத் திருப்பூர்ல கொடுத்திருக்கோம். மாப்ள பிரகதீசு நல்ல பையன். சம்மந்திதான் கொஞ்சம் வாய். வெயிலுக்கு மலைக்கு வர்றோம்னு எல்லாரும் கெளம்பி வந்துட்டாங்க. மாப்ளயோட தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரரு, குழந்தைங்கன்னு வீடு கொள்ளல. வந்த மொத நாளு ராத்திரி சாப்பிடும்போது சம்மந்தி கேக்கறாரு, “ஏனுங் சம்மந்தி, உங்க ஆத்து மீனு கண்ணுக்குத் தெரியாத ஜாதிங்களா? பிடிச்ச கதை கேக்கறேன், மீன ஒரு தடவையாவது காட்டுங்க” அப்படின்னு.

எல்லாரும் சிரிச்சாங்க. மாப்ள சிரிச்சாரு. எம்பொண்ணும் சிரிச்சா. நானும் சிரிச்சேன், சபையில எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க முடியுமா? இவரும் சிரிச்சுக்கிட்டே ரசத்த ஊத்திக்கிட்டாரு.  மறுநாள் விடியக்காலையில எப்பவும் போல கம்பெடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

எனக்குத்தான் மனசு கேக்கல டீச்சர். இன்னைக்கும் கைய வீசிட்டு வருவாரு, விட்டுட்டேம்பாரு, சம்மந்தி மறுபடியும் ஆரம்பிப்பாரு. என் புருசன் என் வீட்டுலயே கேலிப்பொருளா நிக்கறத நான் எத்தனை நாளைக்குப் பாக்கறது? அப்பத்தான் போஜன் நெனப்பு வந்துச்சு. போஜன்னு ஒருத்தரு, படுகரு, அந்த ஓடைக்கு வாட்ச்சரு. சீட்டு இல்லாம யாரும் மீன் பிடிக்காமப் பாத்துக்கறது அவரு வேலை. எங்க வீட்டுக்காரரு கூட பாறையில உக்காந்து டீ குடிக்கறவரு. அவருக்குச் சொல்லி அனுப்புனேன். அந்தப் பக்கம் ஒருத்தரு சிமென்ட்டுத் தொட்டி கட்டி இதே ட்ரவுட்ட வளத்து விக்கறாரு. அதுல ரெண்டு நல்ல மீனா வாங்கிட்டு, சாயந்தரம் பின்வாசப் பக்கமா வந்து கொடுத்துட்டுப் போங்க, ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்னு.

போஜன் கொண்டாந்து கொடுத்தாரு. இலையில சுத்தி, ஈரமா. கொடுத்துட்டுப் போகாம நின்னுக்கிட்டு, “அம்மா, ஐயாவுக்கு இது எதுக்கு? ஐயா நேத்துக்கூட...”ன்னு என்னமோ ஆரம்பிச்சாரு. உள்ள சம்மந்தியம்மா வர்ற சத்தம் கேட்டுச்சு. நான் பொட்டலத்த வாங்கிக்கிட்டு, போங்க போங்க, அப்புறம் பேசிக்கலாம்னு கதவச் சாத்திட்டேன். அப்புறம் நான் எங்க பேசுனேன்.

கொஞ்ச நேரத்துல இவரு வந்துட்டாரு. முன்வாசல்ல உக்காந்து பூட்சக் கழட்டறாரு. மூஞ்சியெல்லாம் ஒரு சந்தோசம், எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. “கனகு, இன்னைக்கு பாலத்துக்குக் கீழ” அப்படின்னு ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்சா விட்டுட்டேன்னு முடிப்பாருல்ல? நான் முடிக்க விடல. மீனு ரெண்டையும் எவர்சில்வர் தாம்பாளத்துல வச்சு எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்துட்டேன். “எல்லாரும் வந்து பாருங்க, பின்பக்கமா வந்து சமையக்கட்டுல கொடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க”ன்னு சத்தமாச் சொன்னேன்.

வீடே கூடிடுச்சு. குழந்தைங்க தொட்டுப் பாக்குது. மாப்ள போட்டோ எடுக்கறாரு. சம்மந்தி எந்திரிச்சு வந்து இவரு கையப் பிடிச்சுக் குலுக்கறாரு, மன்னிச்சுக்கங்க சம்மந்தி, வெளையாட்டுக்குச் சொன்னேங்கறாரு. இவரு என்னையப் பாத்தாரு. அப்புறம் தாம்பாளத்தப் பாத்தாரு. ஒரு மீனோட வாலை விரலால தடவுனாரு. எங்க கெடச்சுதுங்கன்னு சம்மந்தி கேட்டாரு. இவரு, பாலத்துக்குக் கீழ அப்படின்னாரு.

பாத்தீங்களா? எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், எங்க இது நான் பிடிச்சது இல்லைன்னு போட்டு ஒடைச்சுடுவாரோன்னு. ஒடைக்கல. என்னைய விட்டுக் கொடுக்கல. அந்த வகையில தங்கந்தான்.

மசாலாத் தடவி, தோசைக்கல்லுல போட்டு முறுகலா வறுத்தேன். எல்லாரும் தின்னு விரல நக்குனாங்க. இவரு தொடல. பிடிச்சவருக்கு திங்க மனசு வராதுன்னு சம்மந்தியே சமாதானம் சொல்லிக்கிட்டாரு. எல்லாரும் படுத்தப்புறம் நான் பின்னாடி பாத்திரம் கழுவிட்டிருந்தேன். இவரு வந்து கொழாய்கிட்ட நின்னாரு.

“தொட்டி மீனு கனகு அது. சிமென்ட்டுல ஒரசி ஒரசி வாலு மழுங்கிப் போயிருக்கு. ஆத்து மீனுக்கு வாலு விசிறி மாதிரி இருக்கும்.”

“வறுத்துத் திங்கற மீனுக்கு வாலு எப்படி இருந்தா என்னங்க? அவங்களுக்குத் தெரியவா போகுது?”

“அவங்களுக்குத் தெரியாது” அப்படின்னாரு. கொழாய நல்லா இறுக்கி மூடுனாரு, அது எப்பவும் சொட்டும். மூடிட்டு, “நீயும் நம்பலையா கனகு?”ன்னு கேட்டாரு.

நான் என்னங்க சொல்லட்டும்? இடுப்பு ஒடிய அத்தனை பேருக்கும் வடிச்சுக் கொட்டிட்டு நிக்கறேன். நம்பறதும் நம்பாததும் கெடக்கட்டும், மானம் போச்சா நின்னுச்சா, அதப் பாருங்கன்னேன். உங்களுக்காகத்தானே பண்ணேன்னேன். சரின்னாரு. படுக்கப் போயிட்டாரு. சண்டை போடல. கத்தியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

மறுநாளு கெளம்பல. விருந்தாளிங்க இருக்காங்கன்னு நெனச்சேன். அவங்க போனப்புறமும் கெளம்பல. தூண்டில் கம்ப எண்ணெய் போட்டுத் தொடச்சு, பரண்ல ஏத்திட்டாரு. மழை வந்துச்சு, நின்னுச்சு, நல்ல வெயில் அடிச்சுது, மனுசன் அசையல. எனக்கு மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. ரிடையர் ஆன நாள்லேருந்து நான் கேட்டது அதுதானே, வீட்டோட இருங்கன்னு. இருந்தாரு. காலையில பேப்பர் படிப்பாரு. நான் கேக்காமலே பூண்டு உரிச்சு வைப்பாரு. வீட்டு ஒட்டடையெல்லாம் அடிச்சாரு டீச்சர். டீவிய சத்தம் கொறச்சு வச்சுக்கிட்டு அது முன்னாடி உக்காந்திருப்பாரு. ஸ்டெல்லா அக்கா சேவல் இப்ப கொழுத்துப் போயி, எங்க வாசல்லயே மேயுது.

எனக்கு அலுத்துப் போச்சுங்க. எந்நேரமும் ஒரு ஆளு வீட்டுல, ஒரு சத்தமும் இல்லாம. என்னங்க பண்ணுதுன்னு கேட்டா ஒண்ணுமில்ல கனகுங்கறாரு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. ஒரு நாளு நானே பரண்லேருந்து கம்ப எடுத்து வாசல்ல வச்சேன். போயிட்டு வாங்க, நான் நம்பறேன்னு சொன்னேன். சிரிச்சாரு. கம்ப எடுத்துக்கிட்டுப் போயி மறுபடியும் பரண்லயே வச்சுட்டு வந்துட்டாரு. இப்படி மனுசன் இருந்தா என்னதான் பண்றது? ஒரு பொம்பளை எவ்வளவுதான் எறங்கிப் போவா? நானா அவர ஆத்துக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்?

போன ஞாயித்துக்கெழமை திருப்பூர்லேருந்து போன் வந்துச்சு. சம்மந்திதான். இவரு ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நான் பக்கத்துலதான் கீரை ஆஞ்சுட்டிருந்தேன். என்னங் சம்மந்தி, அடுத்த மீனு எப்பங்க, பாலத்துக்குக் கீழ பூராவும் பிடிச்சு முடிச்சாச்சாங்கறாரு. பிரியமாத்தான் கேட்டாரு, கேலியெல்லாம் இல்ல. அன்னையிலேருந்து இவரு மேல அவருக்குத் தனி மரியாதை.

இவரு சொன்னாரு, “இல்லைங்க சம்மந்தி. அன்னைக்குக் கெடச்சுது பாருங்க, அந்த ரெண்டுதான். அதுக்கு முன்னாடி நான் எதுவும் பிடிச்சது இல்லைங்க. பிடிச்சேன், விட்டேன்னு சொன்னதெல்லாம் சும்மா.”

கோவமா சொல்லலைங்க. யாரோ வெலாசம் கேட்டதுக்கு வழி சொல்ற மாதிரி சொன்னாரு. சம்மந்தி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கறாரு, எனக்கு அப்பவே தெரியுமுங்க, இன்னைக்காவது ஒத்துக்கிட்டீங்களேங்கறாரு. இவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. போன வச்சுட்டு, பாதி ஆஞ்ச கீரைய எடுத்து மீதிய ஆய ஆரம்பிச்சுட்டாரு.

எனக்கு என்ன தோணியிருக்கணும்? பாத்தியா, நான் நெனச்சது சரின்னுதானே? இத்தனை வருசம் நான் மனசுக்குள்ள வச்சிருந்தத அவரு வாயாலயே சொல்லிட்டாரு. நெம்மதியா இருக்கணும். ஒரு நிமிசம் இருந்துச்சுங்க, பொய் சொல்லல. அப்புறம் அந்த ரெண்டு மீனு குறுக்க வந்துச்சு. அது நான் வாங்குனது. போஜன் கொண்டாந்தது. அது இவரு பிடிக்கலைன்னு என்னைய விட யாருக்குத் தெரியும்? பிடிக்காத மீனப் பிடிச்சேன்னு சொல்ற மனுசன், எதையுமே பிடிச்சது இல்லைன்னு சொன்னா, அது மட்டும் நெசமாத்தான் இருக்கணுமா? சொல்லுங்க டீச்சர், நீங்க படிச்சவங்க. நான் ஞாயித்துக்கெழமையிலேருந்து இதையே போட்டு ஒழப்பிக்கிட்டிருக்கேன். சோறு எறங்கல. அவரு பக்கத்துல படுத்து நல்லாத் தூங்கறாரு, நான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்.

அவர்கிட்டக் கேக்க முடியாது. கேட்டா எனக்கு எது பிடிக்குமோ அதத்தான் சொல்லுவாரு, அந்த நெலமைக்கு வந்துட்டாரு. அதான் போஜனப் பாக்கப் போறேன். ரேஷன் கடைக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். போஜன் வருசம் பூரா அந்தக் கரையில நின்ன ஆளு, எல்லாத்தையும் கண்ணால பாத்திருப்பாரு. அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தாரு, நான்தான் கதவச் சாத்துனேன். சுருக்கமாக் கேட்டுடுவேன். ஏன் போஜா, ஐயா எப்பவாச்சும் மீன் பிடிச்சிருக்காரா, இல்லையா? அவ்வளவுதான்.

இல்லைங்கம்மான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயி ஒல வைப்பேன். ஏமாந்த மனுசன், நாமதான் பாத்துக்கணும்னு முன்ன மாதிரியே இருந்துட்டுப் போயிடுவேன். ஆமாங்கம்மா, பிடிச்சாரு, நெறையப் பிடிச்சாருன்னு சொல்லிட்டா, அந்த மனுசன் வருசக்கணக்கா தெனமும் சாயந்தரம் சமையக்கட்டு வாசல்ல நின்னு சொன்னது பூராவும் நெசம் டீச்சர். நான் திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள நொழையறது?

பாலம் வந்துடுச்சு. கொஞ்சம் கால நகத்திக்கங்க, எந்திரிக்கறேன். கூடை இடிக்காமப் பாத்துக்கங்க. உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டுங்களா டீச்சர்? எந்தச் சாமியா இருந்தாலும் சரி, எனக்காக ஒரு தடவை வேண்டிக்கங்க. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்றவரா இருக்கணும்னு.